ஜெயலெட்சுமியின் செவ்வாய்க்கிழமை விமானம்

ஹட்டன் கடைவீதியில் ஜெயலெட்சுமியிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. விலையைக் குறைக்கச் சொல்லி வந்தவர்கள் ஒன்றுக்கு இரண்டு புடவையாக வாங்கிக்கொண்டு போவார்கள். கடைக்கு முன்னால் லொறியை நிறுத்தியவன் அடுத்த முறை அந்தத் தெருவுக்கே வரமாட்டான். அவள் கணவர் சண்முகராஜா முன்பக்கம் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருப்பார். பெயர்ப்பலகையில் இருப்பது அவர் பெயர். கடையை நடத்துவது யார் என்று ஊருக்குத் தெரியும்.

கடையின் பின்பக்கம், பாவாடைத் துணிக் கட்டுகளுக்கு நடுவே, ஒரு மேசை, ஒரு தொலைபேசி, சுவரில் ஒரு விமானப் படம். அது முழுக்க முழுக்க ஜெயலெட்சுமியின் ராச்சியம். திருச்சிக்குப் போகிற விமான டிக்கட்டை அங்கே வாங்கலாம். டிக்கட் விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விமானம் எந்தக் கிழமை பறக்க வேண்டும் என்று கம்பெனியோடு மல்லுக்கு நின்றவள் மலைநாட்டிலேயே அவள் ஒருத்திதான்.

இந்தப் பக்கத்தில் எந்தத் தோட்டத்து லயத்தில் போய்க் கேட்டாலும் திருச்சி, புதுக்கோட்டை, நாமக்கல் என்று அக்கரையில் ஒரு அண்ணனோ அத்தையோ இருப்பார்கள். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் அக்கரைக்கென்று பெயர் வந்தவர்கள் கப்பல் ஏறினார்கள், வராதவர்கள் இங்கேயே தேயிலைக் கொழுந்து பறித்தார்கள். கடைவீதிக் குடும்பங்களில் மிச்சமிருந்தவர்களில் பாதிப் பேரை எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் கிளப்பிவிட்டது. ஜெயலெட்சுமியின் அம்மாவும் தம்பி கணேசமூர்த்தியும் அப்போது போனவர்கள்தான். கொஞ்ச நாளில் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோக, ஆகாயம் ஒன்றுதான் வழி என்றாயிற்று.

பெரிய கம்பெனிகளின் விமானங்கள் பறந்தன. அவற்றில் இருக்கைகளைக் கொழும்பு யாவாரிகள் வாரக்கணக்கில் முன்னாலேயே பிடித்து வைத்துவிடுவார்கள். மலைநாட்டு ஆட்களுக்குக் கிடைத்தது ஒரு சின்ன கம்பெனி. அதனிடம் இருந்தது விசிறி வைத்த ஒரே ஒரு சின்ன விமானம். அது வெள்ளிக்கிழமை காலை கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்குப் போய், மத்தியானமே திரும்பிவிடும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான். ஜெயலெட்சுமி விற்றது அந்த டிக்கட்டைத்தான்.

இரண்டாயிரத்து மூன்று பங்குனியில், ஒரு சனிக்கிழமை காலை, அவள் அம்மா திருச்சியில் இறந்துபோனார். விடியும்போது தம்பி தொலைபேசியில் சொன்னான். முந்தின நாள்தான் விமானம் போயிருந்தது. அடுத்தது வெள்ளிக்கிழமை. டிக்கட் விற்கிற மேசையிலேயே உட்கார்ந்துகொண்டு ஜெயலெட்சுமி எல்லாக் கம்பெனிகளுக்கும் மாறி மாறிப் பேசினாள். சென்னை சுற்றிப் போகவும் இடமில்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை வரை யார் பிணத்தை வைத்திருப்பார்கள்? ஞாயிறு மத்தியானம் எடுத்துவிட்டார்கள். கருமாதிக்காவது வாக்கா என்று தம்பி கெஞ்சினான். "சாம்பலப் பாக்கவா வாறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் அழவில்லை. கோபப்பட்டாள். யமனிடம் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. விமான அட்டவணைக்காவது கொழும்பில் ஒரு விலாசம் இருந்தது. அடுத்த வாரமே ரயில் ஏறி அந்த விலாசத்துக்குப் போய் நின்றாள்.

அங்கே எந்த ஊருக்கு, எந்தக் கிழமை, எத்தனை தடவை பறப்பது என்று முடிவு செய்கிறவர் ஹேரத் என்ற சிங்கள அதிகாரி. நாற்பது வயதிருக்கும். மெல்லப் பேசுகிறவர். சும்மா சொல்லக்கூடாது, தொழில் தெரிந்த ஆள். வாரத்துக்கு இன்னொரு விமானம் விடுங்கள் என்று ஜெயலெட்சுமி சிங்களத்தில் பொரிந்து தள்ளியதை முழுக்கக் கேட்டார். அம்மாவின் சாவைக் கேட்டபோது பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சுவரில் இருந்த அட்டவணையைக் காட்டி விளக்கினார். இருப்பது ஒரு விமானம். மாலைதீவுக்குப் போகிற நாட்கள் போக, செவ்வாய்க்கிழமை மட்டும் அது சும்மா நிற்கிறது. சும்மா நிற்கிற விமானமும் தின்றுகொண்டேதான் இருக்கும், ஆகவே பறக்கவிட அவருக்கும் ஆசைதான். ஆனால் வெள்ளிக்கிழமை போகிற அதே ஆட்கள் இனிமேல் பாதி வெள்ளிக்கும் பாதி செவ்வாய்க்குமாகப் பிரிந்து போனால், இரண்டு நாளும் அரைகுறையாகப் பறந்து, கடைசியில் இரண்டையும் நிறுத்த வேண்டி வரும். இப்போது பயணமே போகாத ஆட்கள் யாராவது புதிதாக வருவார்களா, அதைச் சொல்லுங்கள் என்றார்.

ஜெயலெட்சுமி வாயடைத்து வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. ரயிலில் வட்டவளை வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தாள். வட்டவளையில் வடை வாங்கிக் கடிக்கும்போது புருஷனின் ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு முன்னால் திருச்சிக்குப் போய் நானே பார்த்துப் புடவை எடுக்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு தடவையும் போனதில்லை. ஏன் போனதில்லை? வெள்ளிக்கிழமை போனால் அடுத்த வெள்ளிக்கிழமைதான் வர முடியும். ஒரு வாரம் கடையை விட்டுவிட்டுப் போக எந்த யாவாரியால் முடியும்? செவ்வாய்க்கிழமையும் ஒரு விமானம் இருந்தால் செவ்வாய் போய் வெள்ளி வந்துவிடலாம். வெள்ளி போய்ச் செவ்வாயும் வரலாம். தோட்டத்து ஆட்களுக்கும் அதே கதை. ஒரு வாரம் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு வராவிட்டால், வேலை பார்க்க நிற்கிற கண்டாக்கு கத்துவார், இரண்டு மூன்று நாளென்றால் சமாளித்துவிடுவார்கள். இரண்டாவது விமானம் வந்தால் இருக்கை கூடுவது மட்டுமில்லை, பயணமே சின்னதாகிவிடுகிறது. இதுவரை போக முடியாதவர்கள் எல்லாம் போவார்கள்.

இதை அவள் தொலைபேசியில் சொன்னதும் ஹேரத் இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு, நானே ஹட்டனுக்கு வருகிறேன் என்றார்.

தோட்டங்களில் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை பார்த்து வரச் சொன்னாள். அன்றைக்கு ஊரே கடைவீதியில் இருக்கும். ஹேரத் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, வந்தவர்களை எல்லாம் விசாரித்தார். யாரைப் பார்க்கப் போவீர்கள், எந்த மாதம், எத்தனை நாள், எவ்வளவு சுமை கொண்டுவருவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சமயபுரம் மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்தவர்கள், கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள், பொண்ணு பார்க்கப் போகிறவர்கள், ஏலக்காயும் சோப்பும் கொண்டுபோய்ப் புடவையாக மாற்றிக்கொண்டு வருகிற குருவிகள் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆடி மாதம் யாரும் போகமாட்டார்கள் என்பதையும் ஜெயலெட்சுமி ஒளிக்காமல் சொன்னாள். மத்தியானம் சண்முகராஜா கொண்டுவந்து வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, ஹேரத் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். என்னிடம் இருப்பது செவ்வாய்க்கிழமை மட்டும்தான், அந்தக் கிழமையில் உங்கள் ஆட்களுக்கு ஏதும் இடைஞ்சல் இருக்கிறதா?

இருந்தது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். அந்தக் கிழமைகளில் வடக்குத் திசையில் பயணம் புறப்பட்டால் சூலத்தின் மேலேயே போய் விழுவது போல என்று ஹட்டனில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். திருச்சியோ கொழும்புக்கு நேர் வடக்கே இருக்கிறது. ஜெயலெட்சுமிக்கு அது தெரியாமலில்லை. ஆனால் கழுத்துப் பட்டி கட்டிய ஒரு அதிகாரி, விமானம் பறக்கவிடுகிற மனிதர், இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பாரோ, இருக்கிற ஒரு செவ்வாயும் கைவிட்டுப் போய்விடுமோ என்று அவள் நினைத்தாள். ஒரு இடைஞ்சலும் இல்லை மாத்தயா என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னாள். எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டாள்.

அடுத்த தைப்பொங்கல் முடிந்ததும் செவ்வாய்க்கிழமை விமானம் தொடங்கியது. மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்பது, ஆள் சேராவிட்டால் நிறுத்திவிட்டு விமானத்தை வேறு வழிக்குக் கொடுப்பது என்று கம்பெனி முடிவெடுத்திருந்தது. ஹேரத் மேலிடத்தில் தன் பெயரைப் பணயம் வைத்துத்தான் இதை வாங்கியிருந்தார்.

முதல் செவ்வாய் விமானம் ஏறக்குறைய காலியாகப் போனது. திரும்பி வரும்போது நிறைந்து வந்தது. அடுத்த செவ்வாயும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. தெற்கே வருவதற்கு அன்றைக்குச் சூலம் இல்லையே, வெள்ளி போனவர்கள் எல்லாம் செவ்வாய் சந்தோஷமாகத் திரும்பினார்கள். வடக்கே போகத்தான் ஆளில்லை. டிக்கட் கேட்டு வருகிறவர்கள் கிழமையைக் கேட்டதும், "வெள்ளிக்கெழமைக்கே போடுங்கக்கா" என்றார்கள். ஜெயலெட்சுமி எல்லாருடனும் சண்டை போட்டாள். பயனில்லை. சண்முகராஜாவுக்கு ஒரு செவ்வாய் டிக்கட் போடவா என்று கேட்டபோது, அவரே பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

ஹேரத்துக்குத் தலை சுற்றியது. இத்தனை வருசத்தில் இப்படி ஒரு வழியை அவர் கண்டதில்லை. தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார்: "வரும்போது மட்டும் நிறைய வர்றாங்க. போகும்போது எப்படிப் போறாங்க அக்கா, நடந்தா?"

இனி மறைக்க முடியாது. ஜெயலெட்சுமி சூலத்தைச் சொன்னாள். அன்றைக்கே தெரியும் என்பதையும், வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே சொன்னாள். அந்தப் பக்கம் சத்தமில்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மா கண்டியில இருந்து என்னைப் பாக்க வர்றதுக்கே மரு, அதான் உங்க சூலம், எந்தத் திசைன்னு பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவாங்க. எங்ககிட்டயும் இது இருக்கு அக்கா. நான் நம்புறேனா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல. ஏற வேண்டியவங்க நம்புறாங்க. அதை நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

கிழமையை மாற்ற வழியில்லை என்றும் சொன்னார். மற்ற நாட்களில் விமானம் வேறு ஊரில் இருந்தது. மூன்று மாதத்தில் ஒரு மாதம் ஏற்கெனவே போயிருந்தது. ஜெயலெட்சுமி அன்றிரவு ஒழுங்காகச் சாப்பிடவில்லை. காலையில் எழுந்து குளித்துவிட்டுப் பிள்ளையார் கோவில் குருக்களிடம் போனாள்.

குருக்கள் இதைக் கேட்டு அலட்டிக்கொள்ளவில்லை. பயணம் என்பது வீட்டு வாசலைத் தாண்டுவதுதான், ஹட்டன்காரர்கள் திங்கட்கிழமை மேற்கே கொழும்புக்குத்தானே ரயில் ஏறுகிறீர்கள், திங்களன்று மேற்கே சூலமில்லையே என்றார். கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, அங்கிருந்து மறுநாள் வடக்கே கிளம்பினால் அது புதுப் பயணம் ஆகிவிடாதா என்று அவள் மடக்கினாள். அதற்குத்தான் பரஸ்தானம் இருக்கிறதே என்றார் குருக்கள். நல்ல நேரத்தில் பயணப் பையில் ஒன்றை முன்கூட்டியே வீட்டைவிட்டு வெளியே எடுத்து, இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. அதற்கு மேலும் மனம் கேட்காதவர்கள், வடக்குச் சூலத்துக்குப் பரிகாரமாக ஒரு வாய் பால் குடித்துவிட்டுப் போகலாம்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து சண்முகராஜாவின் கடை வேறு கோலம் கொண்டது. செவ்வாய் பயணிகள் எல்லாரும் காலை நல்ல நேரத்தில் ஆளுக்கொரு பையைக் கொண்டுவந்து ஜெயலெட்சுமியின் மேசையருகே வைத்தார்கள். அவள் சூடம் கொளுத்திக் காட்டினாள். மத்தியானம் அவரவர் பையை எடுத்துக்கொண்டு நேரே உடரட்ட மெனிகே ரயிலுக்குப் போனார்கள். இது புடவைக் கடையா, ஸ்டேசனில் சாமான் வைக்கிற இடமா என்று சண்முகராஜா முணுமுணுத்தார். பையை வைக்க வந்தவர்கள் புடவையும் வாங்கியதைக் கண்டபின் முணுமுணுப்பு நின்றது.

பாலுக்கு ஹேரத் ஏற்பாடு செய்தார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், பெட்டிகளை நிறுக்கிற இடத்தில், சின்னக் கோப்பையில் சூடான பால் வைத்தார்கள். மேலிடத்தில் இதற்கு என்ன காரணம் எழுதிக் கொடுத்தார் என்பது தெரியாது. கொழும்பு யாவாரிகளுக்குச் சேதி பரவி, அவர்களும் பாலைக் குடித்துவிட்டுத் தைரியமாக ஏறினார்கள். பெட்டி தூக்குகிற சிங்களப் பையன்களும் காலை வயிற்றுக்கு நல்லது என்று ஒரு கோப்பை எடுத்துக்கொண்டார்கள். மாசி நடுவில் விமானம் போகும்போதும் பாதிக்கு மேல் நிறைந்தது. மாசி முடிவதற்குள் இடம் தேட வேண்டியதாயிற்று.

பங்குனியில், மூன்று மாதம் முடிகிற கடைசிச் செவ்வாய்க்கு, இருக்கை முழுவதும் தீர்ந்துவிட்டது. அதில் ஒரு இருக்கை ஜெயலெட்சுமியுடையது. மறுநாள் புதன்கிழமை அவள் அம்மாவின் முதலாவது ஆண்டுத் திதி. ஒரு வருசமாக அக்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றிருந்தவள், தன் சண்டையில் பிறந்த விமானத்திலேயே போய்த் தம்பி பிண்டம் வைக்கும்போது பக்கத்தில் நிற்கப்போகிறாள். ஒரு வாரமாக அவள் யாரிடமும் சண்டை போடவில்லை. கடைப் பையன்களுக்கே பயமாக இருந்தது.

திங்கட்கிழமை, பைகள் எல்லாம் வந்து சேர்ந்து, சூடமும் காட்டி முடிந்த நேரத்தில், வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வீரம்மா வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். ஐம்பத்தைந்து வயது. மலையிலிருந்து அப்படியே இறங்கி வந்தவள் போல, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். அவள் அக்கா காளியாயி, எழுபதுகளில் பெயர் வந்து கப்பல் ஏறியவள், மணப்பாறைப் பக்கம் ஒரு ஊரில் அன்று காலை இறந்துவிட்டாள். அக்காளும் தங்கச்சியும் அந்தக் கப்பல் நாளுக்குப் பிறகு பார்த்துக்கொண்டதில்லை. இந்தச் சித்திரையில் சமயபுரம் தேருக்குச் சேர்ந்து போவோம் என்று பேசி, வீரம்மா பாஸ்போட்டும் விசாவும் எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தாள். தங்கச்சி வந்தால் செவ்வாய் பொழுது சாயும்வரை எடுக்காமல் வைத்திருக்கிறோம் என்று அக்கா மகன்கள் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு சீட்டு மட்டும் குடுங்கம்மா," என்றாள் வீரம்மா. "நின்னுக்கிட்டுக்கூட வாறேன்."

ஜெயலெட்சுமி ஹேரத்துக்குப் பேசினாள். விமானம் நிறைந்துவிட்டது, ஒரு ஆளை விடுங்கள், ஒரு பையைக்கூடக் கூடுதலாக ஏற்ற முடியாது என்றார். அவள் மேசையருகே இருந்த பைகளைப் பார்த்தாள். ஒன்று நாளை மறுநாள் கண்ணில் அறுவை செய்யவேண்டிய ஆளுடையது. ஒன்று நிச்சயதார்த்தத்துக்குப் போகிற குடும்பத்துடையது. இன்னொன்று நேர்த்திக்கு மொட்டை போட வேண்டிய பிள்ளையுடையது. யாரைப் போய் நீ இறங்கு என்பது? எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. அவளுக்கும் இருந்தது, யாருக்கும் குறையாத காரணம். இந்த விமானத்தை நிறைக்கத்தான் அவள் மூன்று மாதமாகத் தொண்டை கிழியக் கத்தினாள். நிறைந்துவிட்டது. நிறைந்ததாலேயே வீரம்மாவுக்கு இடமில்லை. அவளுக்குத் தன் மீதே ஆத்திரமாக வந்தது.

திதி அடுத்த வருசமும் வரும். காளியாயியின் முகம் நாளைக்கு மட்டும்தான்.

ஜெயலெட்சுமி தன் பையை எடுத்து உள்ளே வைத்தாள். சண்முகராஜாவிடம், "தம்பிக்குப் பேசி, என்னைய எதிர்பாக்க வேணாம்னு சொல்லிருங்க," என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். டிக்கட்டில் பெயர் மாற்றச் சொல்லி மறுபடி ஹேரத்தைப் பிடித்தாள். வீரம்மா கொழும்பையே கண்டதில்லை என்பதால், தானும் அவளோடு ரயில் ஏறினாள்.

மறுநாள் காலை கட்டுநாயக்கவில் பாலை நீட்டியபோது வீரம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். சாவுக்குப் போகிறவர்கள் சூலம் பார்ப்பதில்லை. ஜெயலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிசம் நின்றுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

கடைசிச் செவ்வாய் என்பதால் ஹேரத்தும் வந்திருந்தார். விமானம் ஓடி மேலே கிளம்புவதை இருவரும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். ஒரு வருசமாகச் சண்டை போட்டு வாங்கிய விமானம், அவளை விட்டுவிட்டுப் போனது. இனிச் செவ்வாயை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று அவர் சொன்னார். அவளுக்கு அதில் உற்சாகம் வரவில்லை. வீரம்மாவின் கதையைச் சொன்னாள்.

"நிறைஞ்ச விமானத்தைப் பாத்தா ஆபீஸ்ல கை தட்டுவாங்க," என்றார். "எனக்கு எப்பவும் பயம்தான். ஏறினவங்களை எண்ணிடலாம். ஏற முடியாம நின்னவங்களை எப்படி எண்ணுறது? இன்னைக்குத்தான் ஒருத்தரைக் கண்ணால பாக்குறேன்."

"பாத்துட்டீங்கள்ல மாத்தயா," என்றாள் ஜெயலெட்சுமி. "அப்ப கடைசி ரெண்டு சீட்ட விக்காம வைங்க. சாவுக்குப் போறவங்க முன்கூட்டியே வந்து டிக்கட் போட மாட்டாங்க."

அவர் மறுக்கவில்லை. அந்தக் கம்பெனி மூடப்படும்வரை செவ்வாய் விமானம் பறந்தது. கடைசி இரண்டு இருக்கைகளைத் திங்கட்கிழமை பொழுது சாயும்வரை யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். மலைநாட்டிலிருந்து எத்தனையோ பேர் அந்த இரண்டு இருக்கைகளில் உட்கார்ந்து, அழுதுகொண்டே போய் முகம் பார்த்து வந்தார்கள். அவர்களில் பலருக்கு ஜெயலெட்சுமியின் பெயர்கூடத் தெரியாது.

வீரம்மா போன மறுநாள், புதன்கிழமை மத்தியானம், கடையில் தொலைபேசி அடித்தது. மணப்பாறையில் ஏதோ கடையிலிருந்து வீரம்மா பேசினாள். "மொகத்தப் பாத்துட்டேம்மா," என்றாள். "சின்ன வயசுல தூங்குவா பாருங்க, அதே மாதிரி வாயக் கோணிக்கிட்டுக் கெடந்தா. நாந்தான் மஞ்சப் பூசி விட்டேன்." அதோடு வைத்துவிட்டாள்.

ஜெயலெட்சுமி ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தம்பியின் இலக்கத்தைச் சுழற்றினாள். அவன் திதியை முடித்துவிட்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தான். ஒரு வருசமாக அவனிடம் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அம்மா மொகம் எப்பிடிடா இருந்துச்சு?"

கணேசமூர்த்தி சாப்பாட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது.

"கண்ணு மூடலக்கா," என்றான். "நாங்க மூடி மூடி விட்டோம். அது தெறந்து தெறந்து வாசப் பக்கமே பாத்துச்சு. ஒங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் சொல்லல."

கடைக்குள் நாலைந்து பேர் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயலெட்சுமி மேசையில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள். சண்முகராஜா கல்லாவிலிருந்து எழுந்து, வந்தவர்களிடம் மெதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டு, சாவு விழுந்தால் சாத்துவது போலக் கடைக் கதவைப் பாதி சாத்தினார்.